எல்லாக் கிட்னி வருத்தமும் தண்ணியால வாறதில்ல

நம்மட ஊர்ப் பக்கம் யாருக்காவது கிட்னி வருத்தம் என்டு கேள்விப்பட்டா, அடுத்த கேள்வி தண்ணியைப் பற்றித்தான் இருக்கும். எந்தக் கிணறு, பைப் தண்ணியா, பில்டர் தண்ணியா. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், எங்க போனாலும் இதுதான். மேற்கே சம்மாந்துறைப் பக்கம் வயல். வயலுக்கு அடிக்கிற மருந்து மண்ணுக்குள்ள இறங்குது. கரையில நம்ம கிணறுகள் எல்லாம் மணலுக்குள்ள. ஆக, கிட்னி போகுது. கணக்கு நேராகத்தான் தெரிகிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில், சீனி வருத்தமும் இல்லாத, பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போவதை டொக்டர்மார் கவனித்தார்கள். காரணம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பதே அதன் பெயராகிவிட்டது. நம்ம அம்பாறை மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலுள்ள தெஹியத்தகண்டியவிலும் அது இருக்கிறது. பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே சீன உதவியில் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி 2021இல் திறக்கப்பட்டது. இந்த நாட்டில் 'கிட்னி' என்ற சொல் 'தண்ணி' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஆனா வேற ஒரு கூட்டம் நோயாளிகள் இருக்கிறார்கள். இருபது வயசுப் பெண்பிள்ளை ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டெல்லாம் நோவு, வெயில்ல போனா கன்னத்துல சிவப்பு, தலைமுடி கொட்டுது, பிறகு கால் வீங்குது, சலம் நுரைக்குது. டொக்டர் 'லூபஸ்' என்கிறார். அல்லது ஏழு வயசுப் பொடியன். காலில் வந்த சிரங்கு மாறி ரெண்டு மூணு கிழமை ஆகிறது. ஒருநாள் காலையில் முகம் ஊதி எழும்புறான், சலம் பிளேன்டீ நிறத்தில் போகிறது. இவங்களுக்குத் தண்ணி ஒன்றும் செய்யவில்லை. அடித்தது உடம்பின் காவல்தான். இதைச் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். வீட்டாட்களைக் குறை சொல்லவும் முடியாது. மருத்துவ உலகமே இதை நம்ப அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

ஏ.எல்.லில் பயோ செய்தவர்களுக்கு 'பிறபொருளெதிரி' என்ற சொல் தெரியும். இந்தியப் புத்தகங்களில் எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்றெல்லாம் வரும். நம்மட பாடப்புத்தகச் சொல்தான் எங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது வேலையையே பெயராகச் சொல்கிறது: பிற பொருளுக்கு எதிரி. கிருமி வந்தால், வேறொருவரின் இரத்தம் வந்தால், இது போய் ஒட்டிக்கொள்ளும். சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. எது பிறர், எது நான் என்று உடம்புக்கு எப்போதும் தெரியும், தன்னை அது ஒருநாளும் தொடாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு ஆளின் பெயரும் இருக்கிறது. பௌல் எர்லிக்.

அவருக்கு முன்னால் ரிச்சர்ட் பிரைட்டைச் சொல்ல வேண்டும். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டொக்டர். உடம்பு வீங்கி வரும் நோயாளிகளின் சலத்தை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரில் காட்டுவார். சிலரின் சலம், முட்டை வெள்ளைக்கரு போலத் திரளும். அந்த நோயாளி இறந்தபின் திறந்து பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும். 1827இல் இதைப் புத்தகமாகப் போட்டார். வீக்கம், சலத்தில் புரதம், சிறுநீரகம் மூன்றையும் ஒரே நூலில் கோர்த்தது அவர்தான். 'பிரைட்டின் வியாதி' என்றே நூறு வருடத்துக்கு மேல் சொன்னார்கள். செங்காய்ச்சல் வந்து மாறிய பிள்ளைகளுக்கு இது வருகிறது என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது என்று எண்ணினார்கள்.

இனி எர்லிக். 1900ஐ ஒட்டிய வருடங்களில், ஜேர்மனியில், ஓர் ஆட்டுக்கு இன்னொரு ஆட்டின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஆடு அந்த மற்ற ஆட்டின் செங்குழியங்களுக்குப் பிறபொருளெதிரி செய்தது. தன் சொந்தச் செங்குழியங்களுக்குச் செய்யவில்லை. தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள உடம்பு அஞ்சுகிறது என்று லத்தீனில் அதற்கொரு பெயர் வைத்தார். எர்லிக் சாதாரண ஆளில்லை. 1908இல் நோபல் பரிசு பெற்றவர், சிபிலிசுக்கு மருந்து கண்டவர். அவர் சொன்னது விதியாகிப் போனது. 1904இலேயே வியன்னாவில் டொனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிரில் நின்றால் தன் செங்குழியங்களையே உடைக்கும் பொருள் சிலரின் இரத்தத்தில் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு விதிவிலக்கு என்று அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். உண்மையில் எர்லிக் இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை, உடம்பு அதைத் தடுக்க ஏதோ ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினார். வாசித்தவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார்கள். அந்தப் பின்பாதிக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு வருவோம்.

அதே வியன்னாவில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் வேலை செய்தார்கள். அப்போது தொண்டைக்கரப்பான் போன்ற நோய்களுக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊசியாகப் போடுவார்கள். அது பிள்ளையைக் காப்பாற்றும். ஆனால் எட்டுப் பத்து நாள் கழித்து, நல்லா இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வீக்கம், சில வேளை சலத்தில் புரதம். சீரம் நஞ்சு என்றால் அன்றைக்கே அடித்திருக்க வேண்டும். ஏன் ஒரு கிழமை காத்திருக்க வேண்டும்? அந்த இடைவெளியைத்தான் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். பிறபொருளெதிரி உருவாக எடுக்கும் காலம் அது. அப்படியென்றால் நோயைச் செய்வது உள்ளே வந்த பொருள் அல்ல, அதற்கு உடம்பு கொடுக்கும் பதில். 1905இல் இதை நூலாக எழுதினார்கள். அடுத்த வருடம் பிர்க்கே இதற்கொரு புதுச் சொல்லும் செய்தார். இறால் தின்டு உடம்பு தடிச்சா நாம சொல்லுற 'அலர்ஜி' அதுதான். செங்காய்ச்சலுக்கும் சிறுநீரக வீக்கத்துக்கும் நடுவிலுள்ள ரெண்டு மூணு கிழமையையும் ஷிக் இதே கண்ணால்தான் பார்த்தார்.

சிறுநீரகத்தையே நேராகக் கையில் எடுத்தவர் ஜப்பானின் மசுகி மடாசோ. 1930களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை கொஞ்சம் சுற்றிவளைத்தது. முயலின் சிறுநீரகத்தை அரைத்துத் தாராவுக்கு ஊசி போட்டார். தாரா அதற்குப் பிறபொருளெதிரி செய்தது. அந்தத் தாராவின் சீரத்தை எடுத்து வேறொரு நல்ல முயலுக்குப் போட்டார். கிருமியும் இல்லை, நஞ்சும் இல்லை, ஆனால் முயலுக்கு மனிதருக்கு வரும் பிரைட்டின் வியாதி மாதிரியே வந்தது. பிறபொருளெதிரி மட்டும் போதும் சிறுநீரகத்தைக் கெடுக்க. ஆனாலும் இது தாரா செய்த எதிரி. முயல் தானாகத் தனக்கெதிராகச் செய்யுமா? எர்லிக்கின் விதி இன்னும் விழவில்லை.

அதை விழுத்தியது தைரோயிட் சுரப்பி. 1956இல் அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸ் என்ற இளம் ஆய்வாளர் முயலின் தைரோயிட்டை எடுத்து அந்த இனத்துக்கே திருப்பி ஊசியாகப் போட்டார். முயல் தன் தைரோயிட்டையே தாக்கியது. அவருடைய பேராசிரியர் விடெப்ஸ்கி எர்லிக் பள்ளியில் வந்த ஆள், அவருக்கு இது சுலபமாக இறங்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது மனிதச் சிறுநீரகத்தை உயிரோடு பார்க்க வழி இருக்கவில்லை. 1951இல் கோபன்ஹேகனில் இவெர்சனும் புருனும் முதுகுப்பக்கம் ஊசி விட்டு, நூல் போன்ற ஒரு துண்டுச் சிறுநீரகத்தை எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். நம்மட ஆட்கள் 'பயொப்சி' என்ற சொல்லைக் கேட்டவுடனே புற்றுநோய் என்று பயப்படுவார்கள். சிறுநீரகப் பயொப்சி பெரும்பாலும் அதற்கில்லை. உள்ளே யார் யாரை அடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு.

அப்படிப் பார்க்க ஒரு வெளிச்சமும் தேவைப்பட்டது. ஹார்வர்டில் அல்பேர்ட் கூன்ஸ் 1941இலேயே பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிடும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். இருட்டறையில், புறஊதா ஒளியில், பிறபொருளெதிரி ஒட்டிய இடம் பச்சையாக மின்னும். 1950களில் இதைச் சிறுநீரகத் துண்டில் போட்டுப் பார்த்தபோது, கண்ணால் பார்க்காமல் வாதாடிக்கொண்டிருந்த விஷயம் கண்முன்னால் எரிந்தது. சிலரின் வடிகட்டியில் பேனையால் கீறினது போல ஒரு தொடர்ந்த பச்சைக் கோடு. சிலருக்கு மணலைத் தூவிவிட்டது போலப் புள்ளி புள்ளியாக. கோடு என்றால் பிறபொருளெதிரி வடிகட்டியின் சுவரையே குறிவைத்து ஒட்டியிருக்கிறது. புள்ளி என்றால் பெரும்பாலும் எதிரியும் இலக்கும் சேர்ந்து கட்டியான சிறு சிறு உருண்டைகள் வந்து தேங்கியிருக்கின்றன.

ஏன் சிறுநீரகத்தில் தேங்க வேண்டும்? ரெண்டு சிறுநீரகமும் சேர்ந்தாலும் உடம்பின் எடையில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் கலன்கோளம். ஒரு நாளைக்கு 180 லீட்டர் திரவம் அதனூடாக வடிகிறது. வடிகட்டி என்றால் தூள் அங்கேதான் அடைக்கும். தேத்தண்ணி வடியைப் பார்த்தால் விளங்கும்.

பார்ப்பதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல. அங்கே ஒட்டியிருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது, நெருப்பு எரிகிற இடத்தில் தீயணைப்புப் படையும் நிற்கும். இந்த முடிச்சை அவிழ்த்தது 1967இல் கலிபோர்னியாவில், லெர்னர், கிளாசொக், டிக்சன் மூவரும் செய்த ஒரு சோதனை. குட்பாஸ்சர் நோய் என்று ஒன்று இருக்கிறது. 1919இல், அந்தப் பெரிய இன்புளுவென்சா காலத்தில், நுரையீரலில் இரத்தம் கசிந்து இறந்த ஒரு 18 வயதுப் பையனைப் பற்றி எர்னஸ்ட் குட்பாஸ்சர் எழுதியதால் வந்த பெயர். பச்சைக் கோடு விழும் நோய் அது. மூவரும் இந்த நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து ஒட்டியிருந்த பிறபொருளெதிரியைக் கழற்றி எடுத்துக் குரங்குகளுக்குப் போட்டார்கள். குரங்குகளின் சிறுநீரகம் கெட்டது. மசுகியின் தாராவுக்கு இனி வேலையில்லை. மனித உடம்பே செய்த எதிரி, மனிதச் சிறுநீரகத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அதே வருடம் கொஃப்லர், ஷுர், குங்கல் ஆகியோர் லூபஸ் நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து கழற்றியபோது கிடைத்தது டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி. டிஎன்ஏ எல்லாக் கலத்திலும் இருக்கிற நம்மட சொந்தப் பொருள். பிறபொருளெதிரி என்ற சொல் அந்த இடத்தில் உடைகிறது. அங்கே அது தன்பொருளெதிரி.

மறு வருடம் பாரிசில் ஜோன் பெர்ஜே அதே பச்சை வெளிச்சத்தில் இன்னொரு நோயைக் கண்டார், ஐஜிஏ நெப்ரோபதி. தடிமன் வந்த கையோடு சலம் சிவந்து போகும். இப்போது உலகில் இந்த வகைச் சிறுநீரக நோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான்.

இங்கே ரஜரட்டைக்கு ஒருதடவை திரும்பிப் போக வேண்டும். அங்குள்ள நோயாளிகளின் சிறுநீரகத் துண்டுகளையும் இதே வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார்கள். 2012இல் ஷானிக்கா நாணயக்கார, பேராதனையின் நீலகாந்தி ரத்னதுங்க உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. அங்கே அடி விழுந்திருப்பது முதலில் வடிகட்டியில் இல்லை. அதற்குப் பின்னாலுள்ள குழாய்களிலும், குழாய்களுக்கு இடைப்பட்ட இழையத்திலும். பச்சை வெளிச்சம் பெரும்பாலும் எரிவதில்லை. லூபஸ் சிறுநீரகமோ இருட்டறையில் நோன்புப் பெருநாள் இரவு போல மின்னும். ஒரே நாடு, ஒரே பெயர், கிட்னி வருத்தம். நுணுக்குக்காட்டிக்குக் கீழே ரெண்டும் ரெண்டு உலகம். தண்ணிக் கதை பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தக் கதையை எல்லோருக்கும் பொருத்தினால், வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பில்டர் பூட்டிவிட்டு, பிள்ளையின் குளிசையை நிப்பாட்டுகிற நிலைமை வரும் என்பதுதான் பிரச்சினை.

சிரங்குக் கதையையும் சொல்லிவிடுகிறோம், அது நம்மட மாதிரி ஊர்களின் கதை. ட்ரினிடாட் தீவின் தெற்கில் சான் பெர்னாண்டோ என்ற ஊர். கரும்பு, வெக்கை, மழை, நெருக்கமான வீடுகள். 1960களில் அங்கே பிள்ளைகளுக்குக் கூட்டம் கூட்டமாக முகம் வீங்கிச் சலம் கறுத்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் டொக்டர் தியோ பூன்-கிங், சிக்காகோவிலிருந்து வந்த பொட்டருடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து இதைத் துரத்தினார். 1967இல் அவர்கள் எழுதிய கட்டுரை அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வந்தது. குளிர்நாட்டு டொக்டர்மார் தொண்டை நோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வழி தோலில் இருந்தது. சிரங்கில் குந்தும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா, அதற்கு உடம்பு கொடுத்த பதில், அந்தப் பதில் சிறுநீரகத்தில் போய்த் தேங்கியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சுகமானார்கள். நம்மட பிள்ளைகளும் அப்படித்தான், நேரத்துக்குக் கொண்டுபோனால். சொறி சிரங்கை 'அது தானா மாறும்' என்று விடுவது, குறிப்பாக விடுதியில் நெருக்கமாகப் படுக்கிற பிள்ளைகளுக்கு, சின்ன விஷயமில்லை.

இனி எர்லிக்கின் பின்பாதி. உடம்பு தன்னை அடிக்காமலிருக்க என்ன ஏற்பாடு? முதல் பதில் தைமஸ் சுரப்பி: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பியில் டி கலங்கள் வளரும்போது, சொந்தப் பொருளோடு மோதுகிறவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் தப்பி வெளியே வருகிறவை நம் ஒவ்வொருவரிலும் உண்டு. அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் லூபஸ் வரவில்லை?

1969இல் ஜப்பானின் நகோயாவில் நிஷிஸுக்காவும் சகாகுராவும் பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகளின் தைமசை வெட்டி எடுத்தார்கள். டி கலத் தொழிற்சாலையே போய்விட்டதென்றால் காவல் குறைய வேண்டும். நடந்தது மறுபக்கம். எலிகளின் சூலகம் அழிந்துபோனது, உடம்பு உடம்பையே அடித்தது. ஷிமோன் சகாகுச்சி என்ற இளம் டொக்டருக்கு இது தலையில் ஏறியது. நல்ல எலியின் டி கலங்களை எடுத்து, தைமஸ் வெட்டப்பட்ட எலிக்குப் போட்டார். நோய் நின்றது. ஆக, டி கலங்களுக்குள்ளேயே மற்றக் கலங்களை அடக்கி வைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டும்.

அது கெட்ட காலம். 1970களில் யேலில் ரிச்சர்ட் கெர்ஷன் முதலானோர் 'அடக்கும் டி கலம்' பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். 1980களில் அதற்கு ஆதாரமாக வைத்த பரம்பரை அலகு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. முழுத் துறையும் பெயர் கெட்டுப்போனது. அப்படிப்பட்ட நேரத்தில் சகாகுச்சி பத்து வருடத்துக்கு மேல் அதையே பிடித்துக்கொண்டு நின்று, 1995இல் அந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டினார்: மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய டி கலங்கள். 2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் வேறு பாதையால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் மிச்சமாக ஓக் ரிட்ஜில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில், 1940களிலேயே தோல் செதிலாகிச் சாகும் ஆண் எலிகள் பிறந்திருந்தன. எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரு பிழை. கணினி இவ்வளவு வேகமில்லாத காலத்தில் அந்த ஒரு பிழையைத் தேடிப் பிடித்து ஃபொக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே அலகு கெட்ட ஆண் பிள்ளைகளும் உலகில் இருந்தார்கள். பிறந்த சில மாதத்திலேயே குடல், தோல், சீனி வருத்தம், சிலருக்குச் சிறுநீரகமும். ரெண்டு வருடத்தில் சகாகுச்சியும் மற்றவர்களும் காட்டினார்கள், ஃபொக்ஸ்பி3தான் அடக்கும் கலங்களை உருவாக்கும் அலகு. இவற்றை இன்று ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்கிறார்கள். மூவருக்கும் 2025 ஒக்டோபரில் நோபல் பரிசு. ராம்ஸ்டெல் அந்நேரம் மலைப்பக்கம் கூடாரம் அடித்துத் திரிந்துகொண்டிருந்தார், போன் ஏரோபிளேன் மோடில். நோபல் குழுவுக்கே ஆளைப் பிடிக்க முடியவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு நம்மட குசினி வரைக்கும் வர வேண்டியது. 2020ஐ நினைத்துப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்க, கூட்டுங்க என்ற ஒரே பேச்சு. டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. இங்கே இஞ்சி, கொத்தமல்லி, கருஞ்சீரகம். கருஞ்சீரகத்தோடு எங்களுக்கு ஒரு பகையுமில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது டாங்கியில் தண்ணி மாதிரி, கூடக் கூட நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? யுத்தத்துக்குள் வளர்ந்த ஊர் நம்மட. படை, எதிரி, தாக்குதல் என்று யோசிப்பது நமக்குச் சுலபம். லூபஸ் வந்த பிள்ளைக்குப் படை குறைவில்லை, படையை நிப்பாட்டுகிற கை தளர்ந்திருக்கிறது. அவளுக்கு 'எதிர்ப்புச் சக்தி கூட்டுற' டப்பாப் பவுடர் வாங்கிக் கொடுக்கிற மாமி அன்பில்தான் கொடுக்கிறார். டப்பாவில் போட்டிருப்பது உண்மையாகவே வேலை செய்தால், பயப்பட வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

அதே 2020இல் இன்னொன்றும் நடந்தது. லூபஸ்காரர்கள் வருடக்கணக்காகக் குடிக்கிற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கொரோனாவுக்கு மருந்தென்று வதந்தி கிளம்பி, உலகமே அதை அள்ளிப் போனது. பல நாடுகளில் லூபஸ்காரர்களுக்குக் குளிசை கிடைக்கவில்லை. நம்ம நாட்டில் 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மருந்துகளின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது, ஓட்டமாகச் சொல்கிறோம். 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கோர்ட்டிசோன் ஏற்றினார், சில நாளில் ஆள் எழும்பி நடந்தார். ரெண்டு வருடத்தில் நோபல். நம்மட கிளினிக்குகளில் கொடுக்கும் பிரெட்னிசொலோன் அதன் வாரிசு. மற்றவை பெரும்பாலும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வழியாக வந்தன. 1954இல் பொஸ்டனில் இரட்டையர் என்பதால் மருந்தில்லாமலே ஒட்டியது. இரட்டையரில்லாதவர்களுக்கு உடம்பின் காவலை அடக்க வேண்டும், அதற்கு அசதியோபிரின், பிறகு நோர்வே மண்ணின் ஒரு பூஞ்சணத்திலிருந்து சைக்கிளோஸ்போரின். இந்தியாவில் வேலூர் சீஎம்சீ 1971இல் வெற்றிகரமாகச் செய்தது. இலங்கையில் 1985இல். அதில் சத்திரசிகிச்சைப் பக்கம் பேராசிரியர் ஏ. எச். ஷெரிப்டீன், மருத்துவப் பக்கம் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப். நம்மட சமூகத்துப் பிள்ளைகளுக்கு இந்த ரெண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும், எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. அந்நிய சிறுநீரகத்தை உடம்பு அடிக்காமலிருக்கச் செய்த மருந்துகளையே, சொந்தச் சிறுநீரகத்தை அடிக்கும் உடம்புக்கும் கொடுத்தார்கள். 1950களில் லூபஸ் வந்தவர்களில் நாலைந்து வருடம் தாண்டியது ஏறத்தாழப் பாதிப்பேர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் ஐந்து வருடம் தாண்டுவோர் 90 வீதத்துக்கு மேல்.

இந்த 90ஐ இங்கே பிடித்து வைத்திருப்பது குளிசைப் பெட்டிதான், அதைக் கெடுப்பதும் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. பிரெட்னிசொலோன் குடித்தால் முகம் உருண்டையாகும். கலியாணம் பேசுகிற வயசில் முகம் ஊதினால் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் அநேகமாக இந்த வயசில். ஆகவே குளிசையை ரகசியமாக நிப்பாட்டுகிறார்கள், சில வீடுகளில் உம்மாவே நிப்பாட்டச் சொல்கிறார். பல கிழமை குடித்த ஸ்டீரொயிட்டைத் திடீரென விட்டால், நோய் திரும்புவது ஒரு பக்கம், உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட் செய்வதை மறந்திருப்பதால் ஆள் விழுந்துபோகலாம். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டொக்டர் சொன்ன கணக்கில். நோன்பு காலமும் இப்படித்தான். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் எந்தக் குளிசையை சஹருக்கு, எதை இப்தாருக்கு என்பதை ரமழான் பிறக்கும் முன்னரே கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும்.

இப்போதுள்ள மருந்துகளின் குறை வெளிப்படையானது. அவை முழுக் காவலையும் தூங்க வைக்கின்றன, கிருமிகளுக்குக் கதவு திறக்கிறது. சகாகுச்சியின் வழியில் போகிறவர்கள் தேடுவது வேறு, நிப்பாட்டுகிற கையை மட்டும் பலப்படுத்துவது. 2016இல் பீஜிங் ஆய்வாளர்கள் லூபஸ் நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-2ஐ மிகச் சின்ன அளவில் கொடுத்து, ஒழுங்குபடுத்தும் கலங்கள் பெருகியதையும் நோய் தணிந்ததையும் எழுதினார்கள். இன்னொரு பாதை ஜேர்மனியின் எர்லாங்கனில். நோயாளியின் டி கலங்களை வெளியே எடுத்து, பிறபொருளெதிரி செய்யும் பி கலங்களை அழிக்கும்படி மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். முதலில் 2021இல் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு. அடுத்த வருடம் ஐந்து பேரின் கதை வந்தது. ஐந்து பேருக்கும் மூன்று மாதத்தில் நோய் அடங்கியிருந்தது, மற்ற மருந்தெல்லாம் நிறுத்தியபிறகும். ஐந்து பேர் என்பது சின்ன எண். செலவோ நம்மட ஆஸ்பத்திரிகள் கனவிலும் காணாத எண்.

நம்மட கையில் இப்போதைக்கு உள்ளது பிரைட்டின் கரண்டியின் பேத்தி. ஒரு மெல்லிய பட்டி, சலத்தில் முக்கி எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் பச்சையாகும், எவ்வளவு பச்சையோ அவ்வளவு புரதம். சிரங்கு மாறி ரெண்டு மூணு கிழமைக்குள் பிள்ளையின் முகம் வீங்கினாலும், மூட்டு நோவோடு ஒரு பெண்பிள்ளையின் சலம் நுரைத்தாலும், கிணத்துத் தண்ணியைப் போத்தலில் பிடித்து டெஸ்டுக்கு அனுப்புறதுக்கு முதல் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியைத்தான்.